கதவைத் தட்டிய பேராசிரியை

சந்தேகப்படுவதில் என்னை மிஞ்ச ஆள் இல்லை என்று என் மனைவி சொல்வாள். இலண்டனில் பக்கத்து வீட்டுக்காரர் காலை வணக்கம் சொன்னால், ஏதோ கேட்கப் போகிறார் என்பேன். சொல்லாமல் போனால், ஏதோ செய்துவிட்டார் என்பேன். இப்படிப்பட்ட என்னை, முன்பின் தெரியாத ஊருக்கு, அதுவும் ஒரு விசாரணைக்காக அனுப்பி வைத்தது யாழ்ப்பாணத்தில் இருந்த என் அம்மா.

தம்பி யோகன் கனடாவில் அகதி அந்தஸ்துக் கேட்டிருந்தான். வெள்ளிக்கிழமை அவனுக்கு விசாரணை. அதிகாரி முன் சத்தியம் செய்து தன் கதையைச் சொல்ல வேண்டும். நம்பினால் இருக்கலாம், நம்பாவிட்டால் கொழும்புக்கு விமானம். கொழும்பில் இறங்கும் தமிழ் இளைஞனுக்கு 1987இல் என்ன நடக்கும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. "நீ போய்ப் பக்கத்திலை நில்" என்று அம்மா சொல்லிவிட்டார். நான் ஊரைவிட்டு வந்தபோது யோகன் பாலர் வகுப்பில் இருந்தான். பக்கத்தில் நிற்பதைத் தவிர அவனுக்கு என்னால் செய்யக்கூடியது எதுவும் எனக்கும் தெரியவில்லை.

மார்ச் மாதம். ரொறொன்ரோவில் பனி உருகிக்கொண்டிருந்தது. மாதக்கணக்காக அது மூடி வைத்திருந்த குப்பை எல்லாம் தெருவோரத்தில் வெளியே வந்திருந்தது. விமான நிலையத்தில் நின்ற யோகனை நான் அடையாளம் காணவில்லை. அவன்தான் என்னைக் கண்டுபிடித்தான். மீசை வைத்திருந்தான், அப்பாவின் நடை.

மோர்னிங்சைட் பக்கத்தில் ஓர் உயர்ந்த கட்டடம், அதில் ஏழாம் மாடி. இரண்டு அறை வீட்டில் வசந்தி என்ற பெண்ணும் அவள் கணவரும் குழந்தையும் ஓர் அறை. யோகனோடு இன்னும் சில பெடியன்கள் மற்ற அறை. கூடத்தில் நான். அன்று மாலையே சண் மாஸ்டரைக் கண்டேன். ஊரில் ரியூட்டரி நடத்திக் குடியியல் படிப்பித்தவர். இங்கே ஒரு தொழிற்சாலையில் பெட்டி அடுக்குகிறார். வேலை முடிந்து வந்ததும் சாறத்தைக் கட்டிக்கொண்டு யோகனை எதிரே இருத்தினார்.

"எங்கை ஒளிச்சிருந்தனீர்?"

"கிணத்துக்கை."

"தண்ணி எவ்வளவு?"

"கழுத்தளவு."

எங்கள் ஊரில் பரீட்சை என்றால் மாதிரி விடை. மாதிரி விடை என்றால் மனப்பாடம். சிந்தித்து எழுதினால் புள்ளி குறையும் என்று நம்புகிற இனம் நாங்கள். போன வருடம் ஒருவன் தன் வீடு எரிந்ததையும் கிணற்றில் ஒளிந்ததையும் சொல்லி ஏற்றுக்கொள்ளப்பட்டுவிட்டான். அவனுக்கு அது உண்மையாகவே நடந்தது. அன்றிலிருந்து அது கடந்தகால வினாத்தாள் ஆகிவிட்டது. கட்டடத்திலுள்ள தமிழர் எல்லோருக்கும் மாஸ்டர் அதையே படிப்பித்தார். சாப்பாடு போட்டால் போதும். வேறு எதுவும் வாங்கமாட்டார்.

யோகன் விடைகளைச் சுவரைப் பார்த்துச் சொன்னான். எங்கள் வீட்டுக் கிணற்றுக்குள் அவன் எப்போது இறங்கினான் என்று எனக்குச் சந்தேகம் வந்தது. கேட்கவில்லை.

திங்கட்கிழமை அவன் வேலைக்குப் போய்விட்டான். உணவகம் ஒன்றில் கோப்பை கழுவுகிறான். நான் ஊர் பார்க்கக் கிளம்பினேன். பஸ்ஸில் ஏறியதும் சாரதி ஒரு துண்டுச் சீட்டைக் கிழித்துத் தந்தார். அதைக் காட்டி அடுத்த பஸ்ஸுக்கும் சப்வேக்கும் மாறலாம். இலண்டனில் ஒவ்வொரு பஸ்ஸுக்கும் தனித்தனியாகக் காசு அழுதவனுக்கு இது பெரிய உபகாரமாகப் பட்டது. நடுவழியில் இறங்கி, ஒரு டோனற் கடையில் ஆறுதலாகக் கோப்பி குடித்துவிட்டு, அதே துண்டை அடுத்த பஸ்ஸில் நீட்டினேன். சாரதி தலையை ஆட்டினார். அது மாறி ஏறுவதற்கு, இறங்கி உலாத்துவதற்கு அல்ல என்றார். நான் வாதாடினேன். பஸ் முழுவதும் பார்த்தது. நிறத்தைப் பார்த்துத்தான் என்னைப் பிடிக்கிறார் என்று முடிவுகட்டிய பிறகே அவர் என்னைவிடக் கறுப்பு என்பதைக் கவனித்தேன். அந்த வாதமும் போயிற்று.

எனக்குப் பின்னால் நின்ற கறுப்பினப் பெண் ஒருவர், பச்சைக் கம்பளித் தொப்பி போட்டவர், எனக்காக ஒரு டோக்கனைப் பெட்டிக்குள் போட்டார். நல்வரவு என்றார். நன்றி சொன்னேன். இருக்கையில் அமர்ந்த கணமே யோசனை தொடங்கிவிட்டது. முன்பின் தெரியாத ஆணுக்கு எந்தப் பெண் டோக்கன் போடுவாள்? இறங்கும்வரை பணப்பையை ஒரு கையால் பிடித்துக்கொண்டிருந்தேன்.

செவ்வாய்க்கிழமை வசந்தியோடு மேற்கிந்தியர் கடைக்குப் போனேன். உள்ளே நுழைந்ததும் எனக்குக் கண் கலங்கியது. மரவள்ளிக் கிழங்கு, ஈரப்பலாக்காய், வாழைக்காய், தேங்காய், எலும்போடு வெட்டித் தரும் ஆட்டிறைச்சி. இலண்டனிலும் இவை உண்டு, ஆனால் இப்படி மலைபோல் இல்லை.

"உவையள் இல்லாட்டி நாங்கள் பாணும் பட்டரும்தான்" என்று வசந்தி சொன்னாள். சொன்ன வாயாலேயே, கறுவல் கடை, பையைக் கவனமாகப் பிடியுங்கோ என்றாள். கண்ணாடி பார்க்காத இனம் நாங்கள் என்று நினைத்தேன். நினைத்தபடி பையை நெஞ்சோடு அணைத்துக்கொண்டேன்.

கிழங்குக் குவியலுக்கு அந்தப் பக்கம் பச்சைத் தொப்பி.

அவருக்கு என்னை நினைவிருந்தது. கிழங்கின் நுனியை ஒடித்து உள்ளே வெள்ளையாக இருக்கிறதா என்று பார்த்து வாங்கச் சொன்னார். எந்தத் தீவு என்று கேட்டார். இலங்கை என்றேன். அதில் எந்தப் பக்கம், வடக்கா கிழக்கா என்றார். இலண்டனில் என்னோடு வருடக்கணக்காக வேலை செய்கிறவர்களுக்கே இலங்கை இந்தியாவுக்குள் இருக்கிறது. கிழங்கு வாங்க வந்தவருக்கு வடக்கும் கிழக்கும் எப்படித் தெரியும்? தெற்கு என்று பொய் சொல்லிவிட்டு வசந்தியை இழுத்துக்கொண்டு வெளியே வந்தேன்.

புதன்கிழமை மாலை கதவு தட்டப்பட்டது. அந்த வீட்டில் அதற்கொரு ஒழுங்கு இருந்தது. வசந்தி துளையால் பார்ப்பாள். தெரியாத முகம் என்றால் கையை உயர்த்துவாள். பெடியன்கள் சத்தமில்லாமல் பல்கனிக்குப் போவார்கள். வீட்டில் எத்தனை பேர் என்று எண்ண வருகிறவர்களுக்கு ஓர் அளவான குடும்பம் தெரியவேண்டும். அன்று வசந்தி கையை உயர்த்தினாள். நானும் போய்த் துளையால் பார்த்தேன். பச்சைத் தொப்பி.

மாஸ்டர் என் காதில், இமிகிறேசன்தான், கதவைத் திறக்காவிட்டால் இன்னும் மோசம் என்றார். திறந்தோம்.

தன் பெயர் ஹயசிந்த் என்றார். ஜமேக்காவில் பிறந்தவர், பல்கலைக்கழகத்தில் அரசியல் படிப்பிக்கிறார். கரிபியன் தீவுகளிலிருந்து வந்த கறுப்பின மக்களால் இந்த நகரத்தின் அரசியல் எப்படி மாறியது, யார் தேர்தலில் நிற்கிறார்கள், யார் யாருக்கு வாக்குப் போடுகிறார்கள் என்பதுதான் அவருடைய ஆராய்ச்சி. அந்த மக்கள் வாழ்ந்த கட்டடங்களுக்கு இப்போது நாங்கள் வந்துவிட்டதால் எங்களிடமும் கேட்கிறாராம். தெற்கத்திக்காரனான என்னைப் பார்த்து இலேசாகச் சிரித்தார். கதை நன்றாக இருக்கிறது என்று நினைத்தேன். மொழிபெயர்ப்பு என் தலையில் விழுந்தது.

முதல் கேள்வி வசந்திக்கு. கட்டடத்தில் ஹீற்றர் நின்றுபோனால் யாரிடம் போய்ச் சொல்வீர்கள்? நான் தமிழில் கேட்டேன். வசந்தி முதுகை நிமிர்த்தி, இரண்டு கைகளையும் மடியில் வைத்தாள்.

"எங்கடை வீட்டை ஆமி எரிச்சது. நான் கிணத்துக்கை இறங்கி ஒளிச்சிருந்தனான்."

வசந்தியின் வீடு எரியவில்லை. அதில் அவளுடைய சித்தப்பா இருக்கிறார். ஆனால் அதிகாரி என்று பட்டவர் கேள்வி கேட்டால் அவள் வாயில் வருவது அதுதான். அவள் சொன்னதை நான் அப்படியே ஆங்கிலத்தில் சொன்னேன். இரண்டாவது கேள்வி: எந்தக் கட்சிக்காரராவது உங்கள் கதவைத் தட்டியிருக்கிறார்களா?

"தண்ணி கழுத்தளவு" என்றாள் வசந்தி.

ஹயசிந்த் பேனையை மூடினார். "இந்தக் கட்டடத்தில் எல்லா மாடியிலும் இதே கிணறு, இதே தண்ணீர். யாரோ கட்சிக்காரர் உங்களைச் சேர்த்து வைத்து, ஒரே பேச்சைப் பழக்கியிருக்கிறார்கள் என்று முதலில் நினைத்தேன். எங்கள் ஆட்களுக்கும் அப்படிச் செய்ததைக் கண்டிருக்கிறேன். இது வேறு ஏதோ" என்றார்.

ஆக, அவருக்கும் எங்கள்மேல் சந்தேகம்.

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது, எல்லாம் கிணறுதான் என்றேன். அவர் சிரிக்கவில்லை. எழுந்து தொப்பியைப் போட்டார்.

"நான் கவனித்துவிட்டேன். கவனிப்பதற்கென்றே சம்பளம் வாங்குகிறவர்களும் இந்த நகரத்தில் இருக்கிறார்கள்" என்றார். தன் அலுவலக முகவரியை என்னிடம் தந்துவிட்டுப் போனார்.

கதவு சாத்தப்பட்டதும் மாநாடு தொடங்கியது. மிரட்டலா, உதவியா? மிரட்டல் என்றார் மாஸ்டர். ஆனாலும் அவருக்கு அடி விழுந்துவிட்டது. சற்று நேரம் தாடியைச் சொறிந்துகொண்டிருந்துவிட்டு, சரி, கிணற்றை விடுவோம், இனிமேல் பனங்கூடலுக்குள், பனைகளுக்கிடையில் ஒளிந்தோம் என்று மாற்றுவோம் என்றார். வசந்தி அழத் தொடங்கினாள். பல்கனியிலிருந்து விறைத்துப்போய் வந்த யோகன் கைகளைத் தேய்த்தபடி என்னிடம் மெல்லச் சொன்னான்.

"எல்லாரும் ஒரே கிணத்துக்கை இறங்கினா எப்பிடி அண்ணை கொள்ளுறது?"

வியாழக்கிழமை காலை நான் தெருமுனைத் தொலைபேசிக் கூண்டிலிருந்து பல்கலைக்கழகத்துக்கு எடுத்து, இப்படியொரு பேராசிரியை உண்டா என்று கேட்டேன். உண்டு என்றார்கள். அரசாங்கம் நினைத்தால் ஒரு தொலைபேசிக்காரியைப் பழக்கிவிட முடியாதா என்று கூண்டுக்குள் நின்று யோசித்தேன். நான் போகாவிட்டாலும் ஹயசிந்தைப் பார்க்கத் தான் போகப்போவதாக யோகன் சொன்னான். அவனுக்கு ஆங்கிலம் போதாது. இருவரும் போனோம்.

அவருடைய அறைச் சுவரில் நகரத்தின் பெரிய வரைபடம், அதில் சிவப்புக் குண்டூசிகள். யாரைப் பிடிப்பதற்கு இது என்றுதான் எனக்கு முதலில் தோன்றியது. நான் அதையே பார்ப்பதைக் கண்டு அவர் விளங்கப்படுத்தினார். தங்கள் மக்கள் தீவுகளிலிருந்து வந்த புதிதில் எந்தக் கட்சியும் இந்தத் தெருக்களைத் திரும்பிப் பார்க்கவில்லை. வாக்குரிமை கிடைத்ததும் வந்தார்கள், பாட்டும் கோழி இறைச்சியுமாக. ஆனால் குண்டூசி குத்திய தெருக்களில் யார் வந்தாலும் கதவு திறப்பதில்லை. வேட்பாளர் கறுப்பினத்தவராக இருந்தாலும் திறப்பதில்லை. ஏன் என்பதுதான் தன் கேள்வி என்றார்.

"வாக்கு பிறகு. முதலில் கதவு."

பிறகு தன் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அந்தக் காலத்தில் கனடா தீவுகளிலிருந்து வீட்டுவேலைக்குப் பெண்களை எடுத்தது. மணமாகாதவளாக இருக்கவேண்டும், பிள்ளை இருக்கக்கூடாது. அவருடைய அம்மா பிள்ளை இல்லை என்று சொல்லிவிட்டு, பிள்ளையை ஜமேக்காவில் உறவினரிடம் விட்டு வந்தார். சில வருடங்கள் கழித்து அந்தப் பிள்ளையை அக்காவின் மகள் என்று சொல்லி வரவழைத்தார். சுவருக்கும் காது உண்டென்று வீட்டுக்குள்ளும் சின்னம்மா என்றே கூப்பிடப் பழக்கினார்.

"இன்றைக்கு யாரும் எங்களைக் கேட்கப் போவதில்லை. ஆனாலும் அவரை அம்மா என்று கூப்பிட எனக்கு வாய் வருவதில்லை" என்றார். இந்த நாடு கற்றுத்தந்த முதல் பாடமே பொய்தான் என்றால், அதே நாட்டின் பெயரில் கதவைத் தட்டுகிறவனுக்கு யார் திறப்பார்கள் என்று கேட்டார்.

ஒவ்வொரு வீட்டிலும் இதைச் சொல்லித்தான் வாயைக் கிளறுகிறாரோ என்று எனக்குப் பட்டது. முகத்தைக் கூர்ந்து பார்த்தேன். ஒன்றும் பிடிபடவில்லை.

என்ன சொல்கிறா என்று யோகன் கேட்டான். சொன்னேன்.

"அண்ணை, நான் ஒண்டு சொல்லுறன். அப்பிடியே சொல்லுங்கோ. இடையிலை நிப்பாட்டாதேங்கோ."

அவன் ஒரு வசனம் சொல்வான், நான் ஆங்கிலத்தில் சொல்வேன். ஒருநாள் விடிய ஆமி ஊரைச் சுற்றி வளைத்தது. ஆண்கள் எல்லோரையும் பள்ளிக்கூட மைதானத்துக்குக் கொண்டுபோய் வரிசையில் விட்டார்கள். ஜீப்புக்குள் தலையாட்டி இருந்தான். தலையாட்டி என்றால், பிடிபட்டு ஆமியோடு சேர்ந்த யாரோ ஒருவன். முகம் தெரியாதபடி சாக்கால் மூடி, கண்ணுக்கு இரண்டு ஓட்டை. ஒவ்வொருவராக அவன் முன்னால் போய் நிற்கவேண்டும். அவன் தலையாட்டினால் லொறிக்குள். யோகனுக்கு முன்னால் நின்றவன் அவனுடைய கூட்டாளி ரவி. சாக்கு ஆடியது. யோகன் நின்றான். சாக்கு ஆடவில்லை. அவனுக்குப் பின்னால் வந்தவனுக்கு மறுபடி ஆடியது.

லொறியில் போனவர்கள் யாரும் திரும்பி வரவில்லை. அன்று பின்னேரம் ரவியின் அம்மா எங்கள் படலையடியில் வந்து நின்று, உன்னை மட்டும் ஏன் விட்டவங்கள் என்று கேட்டார். அடுத்த வாரம் இயக்கப் பெடியன்கள் வந்து அதையே கேட்டார்கள். கடைக்குப் போனால் பேச்சு நின்றது. பெடியன்கள் இரண்டாவது தடவையும் வந்து கேட்டார்கள். மூன்றாவது தடவை கேட்க வரமாட்டார்கள் என்று அவனுக்குத் தெரியும். அம்மா அவனை இரவோடிரவாக அனுப்பினார். இங்கே ஏழாம் மாடியில் இதைச் சொன்னால் அவர்களும் அப்படித்தான் பார்ப்பார்கள். அதனால்தான் கிணறு.

இதெல்லாம் எனக்குப் புதிது. ஆமிக்குப் பயந்து ஓடினான் என்றுதான் இவ்வளவு காலமும் நினைத்திருந்தேன். மொழிபெயர்ப்பவன் 'நான்' என்றுதானே சொல்லவேண்டும்? என்னை விட்டார்கள், என்னைக் கேட்டார்கள் என்று என் வாயாலேயே சொல்லிக்கொண்டு போனேன். குரல் எனக்கே அந்நியமாக இருந்தது.

ஹயசிந்த் எதுவும் எழுதவில்லை. ஒன்றே ஒன்று கேட்டார்: ரவிக்கு என்ன வயது? தன் வயதுதான் என்றான் யோகன்.

அப்போது, மொழிபெயர்க்க எதுவும் இல்லாத அந்த நேரத்தில், நான் தமிழில் கேட்டேன்.

"அப்ப உன்னை ஏன் விட்டவங்கள்?"

வேண்டுமென்று கேட்ட கேள்வி அல்ல. பிறவிக் குணம், வாய் முந்திவிட்டது. யோகன் என்னைப் பார்த்தான். கோபம்கூட இல்லை. வழக்கமான கேள்வி வந்துவிட்டது என்பதுபோல் ஒரு பார்வை.

தம்பியிடம் என்ன கேட்டீர்கள் என்றார் ஹயசிந்த். ஒன்றுமில்லை, நேரமாகிறது என்றேன் என்று சொன்னேன்.

திரும்பும்போது பஸ்ஸில் அவன் முன்னுக்கும் நான் பின்னுக்கும் இருந்தோம். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனால், பொய் சொல்வானேன், கேள்வி போகவில்லை. அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன்.

வெள்ளிக்கிழமை. கிணறா, மைதானமா என்று யோகன் யாருக்கும் சொல்லவில்லை. மாஸ்டர் வாசல்வரை வந்து, தண்ணீரின் அளவை மறக்கவேண்டாம் என்றார். விசாரணை அலுவலக நடைக்கூடத்தில் ஹயசிந்த் கோப்பிக் கோப்பைகளோடு உட்கார்ந்திருந்தார். இவருக்கு வேலை வெட்டி இல்லையா என்று பழக்கதோஷத்தில் ஒரு நினைப்பு வந்தது.

யோகனின் வழக்கறிஞர் கேட்டுக்கொண்டதால் என்னையும் உள்ளே மூலையில் இருக்க விட்டார்கள். அதிகாரிக்குத் தடிமன், மூக்கைத் துடைத்தபடியே இருந்தார். மொழிபெயர்க்க ஒரு கொழும்புத் தமிழ்ப் பெண். யோகன் சத்தியம் செய்தான். பிறகு, "பள்ளிக்கூட மைதானம்" என்று தொடங்கினான். எனக்கு மூச்சு வந்தது; உடனே பயமும் வந்தது. கிணற்றை எல்லோரும் நம்பியிருக்கிறார்கள். இதை யார் நம்புவார்கள்?

அவன் முடித்ததும் அதிகாரி சிறிது நேரம் எதையோ புரட்டினார். பிறகு கேட்டார்: உம்மேல் சந்தேகம் இருந்திருந்தால் இராணுவம் உம்மைக் கொண்டு போயிருக்கும். கொண்டு போகவில்லை. உம்மை ஏன் விட்டார்கள்?

மொழிபெயர்ப்பாளர் தமிழில் கேட்டு முடிக்கு முன்பே யோகனுக்கு விளங்கிவிட்டது. அவன் அதிகாரியைப் பார்க்கவில்லை. மூலையில் இருந்த என்னைத் திரும்பிப் பார்த்தான்.

"தெரியாது. தெரிஞ்சிருந்தா ரவியின்ரை அம்மாவுக்கு அண்டைக்கே சொல்லியிருப்பன். நான் இஞ்சை வந்திருக்கமாட்டன்."

மொழிபெயர்ப்பாளர் அதை ஆங்கிலத்தில் சொன்னார். அதிகாரி எழுதினார். முடிவு வரப் பல மாதம் ஆகும் என்றார். அவர் நம்பினாரா இல்லையா என்று அந்த முகத்தில் எதுவும் தெரியவில்லை. நான் நம்பினேன். வாழ்க்கையில் ஆதாரம் கேட்காமல் நான் நம்பிய விஷயங்கள் மிகக் குறைவு, அது ஒன்று.

வெளியே வந்தோம். ஹயசிந்த் எழுந்து வந்து, உள்ளே என்னதான் கேட்டார்கள் என்று என்னிடம் கேட்டார்.

நேற்று உங்கள் அறையில் நான் தமிழில் கேட்டதைத்தான் கேட்டார்கள் என்றேன். பிறகு அந்தக் கேள்வியை ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் என்னையே பார்த்தார். சொல்லி முடித்தபோதுதான் யோகனின் கையைப் பிடித்திருக்கிறேன் என்று தெரிந்தது. அவன் கையை இழுத்துக்கொள்ளவில்லை.